என் உடும்பு ஆணா, பெண்ணா? சென்னையில் எங்கே பரிசோதிக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் வசிக்கும் நான், மூன்று ஆண்டுகளாகச் சவன்னா உடும்பு ஒன்றை வளர்த்து வருகிறேன். நம் நாட்டு உடும்பை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது ஆப்பிரிக்க இனம், வெளிநாட்டு விலங்குகளைப் பதிவுசெய்யும் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்திருக்கிறேன்.

விற்றவர் ஆண் என்றார். நாங்களும் நம்பி ‘முத்து’ என்று பெயரிட்டோம். ஆனால் சில வாரங்களாக இரையைச் சரியாகத் தொடாமல் மண்ணை ஓயாது தோண்டிக்கொண்டே இருப்பதால், முட்டையிடத் தயாராகும் பெண்ணோ என்ற ஐயம் எழுந்துள்ளது. ஆணுடன் சேராமலும் பெண் உடும்பு முட்டையிடக்கூடும் என்பதாலும், அம்முட்டைகள் வயிற்றிலேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதாலும் காத்திருக்க மனமில்லை.

வாலின் அடிப்பகுதியில் தெரியும் புடைப்பைக் கொண்டே சொல்லிவிடலாம் என்கிறார்கள் சிலர். ஆனால் ஆணுக்கு அங்கே உள்ள இரட்டை இனப்பெருக்க உறுப்பைப் போன்றே பெண்ணிடமும் சிறிய உறுப்புகள் இருப்பதால், பழகிய கண்ணும் ஏமாறும். பாம்புகளுக்குச் செய்வதுபோல் கழிவுத் துளை வழியே கம்பி நுழைத்துப் பார்ப்பதும் உடும்புகளில் நம்பகமானதல்ல, காயம்தான் மிஞ்சும். சூலகத்தை நேரில் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே எனக்குச் சரியாகப் படுகிறது.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ வேறிடத்திலோ ஊர்வனவற்றுக்கு இந்த ஸ்கேன் எடுத்த அனுபவமுள்ளவர்கள், முன்பதிவு எப்படிச் செய்வது, மயக்க மருந்து தேவைப்பட்டதா, எவ்வளவு செலவானது என்பவற்றைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.