முதல் பணம் கைக்கு வந்ததும் வீட்டில் என்ன மாறியது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழைய கணக்கெடுப்பாளர்:
மூன்று வருடம் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பும் வேலை பார்த்தவன் நான். நேரடியாகப் பண உதவி வாங்கும் குடும்பங்களிடம் ‘வந்த பணத்தை எதற்குச் செலவழித்தீர்கள்?’ என்று கேட்க வேண்டும். சாப்பாடு, மருந்து, படிப்பு, கடன், இதர என்று ஐந்து கட்டம். ஓர் அம்மா நான் கேட்டு முடிப்பதற்குள், “எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுக்கங்க தம்பி, உங்களுக்கும் வேலை சீக்கிரம் முடியும்” என்றார். எழுந்திருக்கும்போது சும்மா பேச்சுக்கு, அப்படி என்னதான் மாறியது என்று கேட்டேன். “அஞ்சாந்தேதி பணம் வரும்னு தெரியும்ல, அதனால நாலாந்தேதி யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்கறதில்ல” என்றார். அதை ‘இதர’ கட்டத்தில் அப்படியே எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் அடித்துவிட்டு ‘சாப்பாடு’ என்று திருத்தினார்.

அந்த அடித்த வரிகள்தான் எனக்கு வேண்டும். வாங்கியவர்கள், கொடுத்தவர்கள், பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவர்கள் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நல்லதா கெட்டதா என்ற சண்டை அப்புறம். முதலில் நடந்ததைச் சொல்லுங்கள்.

தையல்காரர் மகள்:
அம்மா அடுத்தவர் மெஷினில் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தார். மெஷினுக்குத் தனியாக வாடகைப் பிடித்தம் உண்டு. மாதா மாதம் உதவித்தொகை வர ஆரம்பித்ததும், சொந்த மெஷின் வாங்கிவிடுவோம் என்று நான் கனவு கண்டேன். முதல் எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் வட்டிக்கே போனது. அந்தப் பணத்தால் எந்தப் பயனும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

எட்டாவது மாதம் வட்டிக்காரர் கணக்கு முடிந்தது. அதன் பிறகுதான் அம்மா தன் வேலையைக் காட்டினார். இதே உதவித்தொகை வாங்கும் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து ஒரு சீட்டு போட்டார். எல்லோருக்கும் ஒரே நாளில் பணம் வருவதால், தவணை கட்டாமல் ஏமாற்ற வழியில்லை. நான்காவது மாதக் குலுக்கலில் அம்மா பெயர் விழுந்தது. பழைய மெஷின் ஒன்றை வாங்கினார். வாடகைப் பிடித்தம் போனது லாபம்தான். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வேறு. துணி கொண்டுவந்து போடும் ஆள் வழக்கம்போல ரேட்டைக் குறைத்தபோது, “இந்த ரேட்டுக்கு முடியாதுங்க, எடுத்துட்டுப் போங்க” என்றார் அம்மா. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் அதுவரை கேட்டதில்லை. அந்த ஆள் எடுத்துக்கொண்டு போகவும் செய்தார். இரண்டு வாரம் வேலை இல்லை. உதவித்தொகை இருந்ததால் தாக்குப்பிடித்தோம். மூன்றாவது வாரம் பழைய ரேட்டுக்கே திரும்பி வந்தார்.

பழைய கணக்கெடுப்பாளர்:
உங்கள் அம்மா செய்ததையே கென்யாவில் பலர் செய்திருக்கிறார்கள், சகோதரி. ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் கிவ்டைரக்ட்லி அமைப்பு அங்கே பெரிய சோதனை ஒன்று நடத்துகிறது. சில கிராமங்களில் நாளுக்குச் சுமார் 75 அமெரிக்க சென்ட் கணக்கில் மாதா மாதம் 12 ஆண்டுகளுக்கு, சிலவற்றில் அதே தொகை 2 ஆண்டுகளுக்கு மட்டும், இன்னும் சிலவற்றில் அந்த 2 ஆண்டுப் பணம் மொத்தமாக ஒரே முறை. 2023இல் வந்த முடிவுகளின்படி, 12 ஆண்டு கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சீட்டுக் குழுக்களில் சேர்ந்து, சில்லறையாக வந்ததை மொத்தமாக்கிக்கொண்டார்கள். தொழில் தொடங்குவதில் அவர்களும் மொத்தமாக வாங்கியவர்களும் முன்னே நின்றார்கள். 2 ஆண்டோடு நின்றுவிடும் என்று தெரிந்தவர்கள் பின்தங்கினார்கள். மாதம் கையில் வந்தது என்னவோ 12 ஆண்டுக்காரர்களுக்கு வந்த அதே தொகைதான்.

கூரை ஒழுகாத வீடு:
எங்களுக்கு வந்தது மொத்தமாக ஒரே தவணை. அன்று இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் வேண்டும், சரக்கு ஏற்றிப்போய் விற்கலாம் என்றார். அம்மாவுக்கு ஓலையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட வேண்டும். மூன்று நாள் பேச்சுவார்த்தை. தகரம் ஜெயித்தது.

சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: கூரை சம்பாதிக்குமா? அப்பாவும் கொஞ்ச நாள் அதையே சொல்லிக் குத்திக்கொண்டிருந்தார். முதல் மழையில் விஷயம் புரிந்தது. முன்பெல்லாம் விளைந்ததை நனைவதற்குள் விற்றுவிட வேண்டும். எல்லோரும் விற்கிற அதே வாரத்தில் விற்றால் என்ன விலை கிடைக்கும்? அந்த வருடம் மூட்டைகளை உள்ளே அடுக்கிவைத்து, இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தார் அப்பா. வருடா வருடம் ஓலை மாற்றும் செலவும் போனது. மோட்டார் சைக்கிள் இன்னும் வாங்கவில்லை. பேச்சு மட்டும் அவ்வப்போது எழும்.

பழைய கணக்கெடுப்பாளர்:
2011இல் கென்யாவின் ராரியேடா பகுதியில் அதே கிவ்டைரக்ட்லி பணம் கொடுத்தபோது, ஓலை வேய்ந்த வீடா என்பதைப் பார்த்துத்தான் ஆளையே தேர்ந்தெடுத்தார்கள். வாங்கியவர்களில் பலர் போட்டது தகரக் கூரை! மாதா மாதம் பெற்றவர்கள் வீட்டில் சாப்பாட்டுக் கஷ்டம் அதிகம் குறைந்தது, மொத்தமாகப் பெற்றவர்கள் நீடித்து நிற்கும் பொருள்களை வாங்கினார்கள் என்றது அங்கே நடந்த ஆய்வு. உங்கள் வீட்டு மூன்று நாள் பேச்சுவார்த்தைதான் அங்கேயும் நடந்திருக்கும்.

எதிர்க்கேள்வி:
நல்லதாகவே எல்லோரும் எழுதுகிறீர்கள். சாராயத்துக்குப் போனதை யார் எழுதுவது?

பெயர் வேண்டாம்:
நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் போனது. முதல் இரண்டு தவணை அப்பா கணக்கில் வந்தது. முதல் தவணையில் பாதி மிஞ்சியது, இரண்டாவதில் அதுவும் இல்லை. அம்மா அலைந்து திரிந்து கணக்கைத் தன் பெயருக்கு மாற்றினார். அதன் பிறகு வீட்டில் நிம்மதி வந்தது என்று எழுத ஆசைதான். மூன்று மாதம் சண்டை இன்னும் அதிகமானது. பணம் வரும் தேதியை அம்மா அப்பாவிடம் சொல்லவே மாட்டார். வங்கி மெசேஜ் வரும் போனை நான் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போவேன். பிறகு என்ன நினைத்தாரோ, அப்பாவே ஒருநாள் “கோழி வாங்கேன், நான் கூண்டு அடிச்சுத் தர்றேன்” என்றார். கூண்டு அடித்தும் கொடுத்தார். குடியை விடவில்லை. ஆனால் கோழி விற்ற காசில் கை வைத்ததில்லை.

பழைய கணக்கெடுப்பாளர்:
எழுதியதற்கு நன்றி. எதிர்க்கேள்வி நண்பருக்கு ஒன்று. இதே சந்தேகத்தை எடுத்துக்கொண்டு பல நாடுகளின் 19 ஆய்வுகளை உலக வங்கி ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். பண உதவியால் குடி, புகையிலைச் செலவு கூடியதாகப் பொதுவாகத் தெரியவில்லை, சில இடங்களில் குறைந்தே இருந்தது.

பெயர் வேண்டாம்:
சரி அண்ணா, இருக்கலாம். அது சராசரி. எங்கள் வீட்டில் இருந்தது அப்பா.

பழைய கணக்கெடுப்பாளர்:
நியாயம். 1997இல் மெக்சிகோவில் ப்ரோக்ரேசா திட்டம் தொடங்கியபோது பணத்தைத் தாயின் கையில்தான் கொடுத்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனைகளைத்தான் எல்லோரும் பேசுவார்கள். பணம் யார் கையில் போய்ச் சேருகிறது என்பது அதற்குக் குறைந்த விஷயம் இல்லை என்பது என் எண்ணம். அந்தக் குடும்பங்கள் பணத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை ஆடுமாடு, சின்னத் தொழில் என்று முதலாக்கின என்பது பிறகு தெரியவந்தது. கோழிக்கூண்டு அந்தக் கணக்கில் வரும்.

மதிலுக்கு இந்தப் பக்கம்:
எங்களுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு வந்தது. இரண்டு வீட்டுக்கும் வருமானம் ஒன்றுதான். எங்கள் வீட்டில் ஒரே ஓர் அறைக்கு சிமெண்ட் தரை இருந்தது. கணக்கெடுக்க வந்தவர் அதைக் குறித்துக்கொண்டு போனார். (அது நீங்களாக இருந்தால், அண்ணா, உங்கள் மேல் கோபம் இல்லை. இருந்தது. இப்போது இல்லை.) அந்த அக்காவும் நானும் ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல், அவருக்குக் குற்ற உணர்ச்சி. அப்புறம் அவர் வீட்டில் ஓர் அறை கூடுதலாகக் கட்டினார்கள். மேஸ்திரி வேலைக்கு என் கணவரைத்தான் கூப்பிட்டார்கள். பதினேழு நாள் வேலை. கூலி அன்றன்றைக்கே கையில். பேச்சு தானாக ஆரம்பித்துவிட்டது.

பழைய கணக்கெடுப்பாளர்:
நானாகவும் இருக்கலாம். அந்தக் கட்டத்தில் நிறையப் பேருக்கு டிக் போட்டிருக்கிறேன்.

கென்யாவின் சியாயா மாவட்டத்தில் 653 கிராமங்களைப் பார்த்த ஆய்விலும் உங்கள் கணவரின் பதினேழு நாள் கூலி மாதிரிதான் தெரிந்தது. பணம் வாங்காத குடும்பங்களின் செலவும் உயர்ந்தது. விலைவாசி எகிறிவிடும் என்று பயந்தார்கள். சராசரியாக 0.1 சதவீதம்தான் ஏறியது. ஆறு மாத வயிற்றெரிச்சலை அதில் அளந்ததாக நினைவில்லை.

கரும்புக்காரன்:
வேறு கோணத்தில் ஒன்று. பணம் இல்லாதபோது மண்டை ஓடாது என்பதை எங்களிடமே வந்து சோதித்திருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகள். ஆய்வு 2013இல் வெளியானது. ஆலை எப்போது வெட்டச் சொல்கிறதோ அப்போதுதான் வெட்ட முடியும், அதனால் ஒருவருக்கு முந்திப் பணம் வரும், இன்னொருவருக்குப் பிந்தி வரும். அதே ஆளுக்கு வெட்டுக்கு முன்பும் பின்பும் சில சின்னப் புதிர்களைக் கொடுத்தார்கள். பணம் வந்த பிறகு நன்றாகவே போட்டார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பணம் வருமுன் என்னிடம் எந்தப் படிவத்தையும் நீட்டாதே என்று என் வீட்டுக்காரி எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள்.

எதிர்க்கேள்வி:
இன்னும் ஒன்று கேட்கிறேன். பத்து வருடம் கழித்து என்ன மிச்சம்?

பழைய கணக்கெடுப்பாளர்:
நல்ல கேள்வி, பதில் உங்கள் பக்கம் கொஞ்சம் சாயும். உகாண்டாவில் தொழில் தொடங்க இளைஞர்களுக்கு ஆளுக்குச் சுமார் 400 டாலர் மொத்தமாகக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டில் அவர்கள் வருமானம் 38 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஒன்பது ஆண்டு கழித்துப் பார்த்தால் வாங்காதவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். பணம் வாங்கியவர்களிடம் கைத்தொழிலும் பொருள்களும் கூடுதலாகத் தங்கின, வருமான வித்தியாசம் போய்விட்டது. ஆனால் முந்திக் கிடைத்த அந்தச் சில வருடங்களை ஒன்றுமில்லை என்று நான் தள்ள மாட்டேன். அந்த வருடங்களில் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள்.

கல்லூரி அம்மா:
எல்லாம் படித்துக்கொண்டே வருகிறேன். எனக்கு இப்போது நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன். இரண்டு வருடம் தவறாமல் வந்தது. அதை நம்பித்தான் மகனைக் கல்லூரியில் சேர்த்தேன். வீட்டுச் செலவை உதவித்தொகை பார்த்துக்கொள்ளும், என் கூலி முழுவதும் கல்லூரிக்கு என்பது கணக்கு. மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. கைரேகை பதியவில்லை என்கிறார்கள். பாத்திரம் தேய்க்கிற கையில் ரேகை எங்கே இருக்கும்? ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டால் இன்னோர் அலுவலகத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனால் போர்டலில் ‘நிலுவை’ என்று காட்டுகிறது என்கிறார்கள். ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு நாள் கூலி போகிறது. கடைசியில் கைமாற்று கேட்டு, கிடைக்காமல், வட்டிக்கே வாங்கினேன். பணம் வராமலே இருந்திருந்தால் இந்தக் கணக்கையே போட்டிருக்க மாட்டேன்.

தையல்காரர் மகள்:
அக்கா, ஒவ்வொரு அலுவலகத்திலும் மனுவைக் கொடுத்துத் தேதி போட்ட ரசீது வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சுக்கு மதிப்பே இல்லை. கைரேகை இல்லாமல் வேறு வழியில் சரிபார்க்க முடியுமா என்று எழுத்திலேயே கேளுங்கள். அம்மாவுக்கும் ஊசி குத்திக் குத்தி விரல் பதியாது. எங்களுக்கு அப்படிக் கேட்டுத்தான் சரியானது.

கல்லூரி அம்மா:
எழுதிக் கொடுத்திருக்கிறேன், ரசீதும் வாங்கிவிட்டேன்.

கல்லூரி அம்மா:
மன்னிக்கவும், பத்தொன்பது நாள் கழித்து எழுதுகிறேன். நான்கு மாதத்துக்கும் சேர்த்து வந்திருக்கிறது. மெசேஜை மகனிடம் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். கடனை அன்றைக்கே அடைத்துவிட்டேன். கட்டிய வட்டி போனது போனதுதான். தையல்காரர் மகளுக்கு: உங்கள் அம்மா அந்தச் சீட்டில் தவணைத் தேதியை எப்படி வைத்தார்? பணம் வரும் அன்றைக்கேவா, இல்லை ஒரு வாரம் தள்ளியா?