மறுமொழி: மிகை மெய்ம்மையா, இயைமெய்ம்மையா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கண்முன் உள்ள மெய்க்காட்சியோடு கணினி உருவங்களைப் பொருத்திக் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டிக்கு ‘மிகை மெய்ம்மை’ ஏற்கெனவே வழக்கில் இருக்க, ‘இயைமெய்ம்மை’ என்று இன்னொரு சொல் எதற்கு என்று நம் குழுவில் ஐயா கேட்டிருந்தார். பழகிய சொல்லைக் காரணமின்றி மாற்றக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆயினும், பெங்களூருவில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து இந்நுட்பத்தை முதன்முதலாகக் கையாண்டதிலிருந்து அச்சொல் எனக்கு நெருடலாகவே இருந்து வருகிறது.

எங்கள் கட்டடத்தின் முகப்புக் கூடத்தில் ஒரு பெரிய திரையையும் அதன் மேல் ஒரு கேமராவையும் பொருத்தினோம். எதிரே நடப்பவர் கண்ணாடியில் காண்பதுபோலத் தம்மையே அதில் காண்பார். அவர் தோளில் ஒரு பட்டாம்பூச்சி வந்து அமர வேண்டும். முதல் வாரத்தில் அது அமரவேயில்லை. ஆள் நகர்ந்த பிறகே பூச்சி நகர்ந்ததால், தோளுக்கு ஒரு சாண் பின்னால் அந்தரத்தில் மிதந்தது; ஏதோ விளம்பரம் ஓடுகிறது என்று எல்லாரும் கடந்துபோனார்கள். தாமதத்தைக் குறைத்துத் தோளின் இருப்பிடத்தைச் சரியாகக் கணித்த அன்று, கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த தருமபுரிக்கார அக்கா திரையை நிமிர்ந்து பார்த்ததும் தம் தோளைக் கையால் தட்டிவிட்டார். பூச்சியும் திரையும் முன்பு இருந்தவைதாம். மாறியது பொருத்தம் மட்டுமே. இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று அவர் கேட்க, நான் ‘மிகை மெய்ம்மை’ என்றேன். இருப்பதைக் கூட்டிச் சொல்வதா என்று திருப்பிக் கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். ‘மிகைநாடி மிக்க கொளல்’ என்னும் குறளில் மிகை என்பது மிகுதியைக் குறிப்பதாக ஐயா எடுத்துக்காட்டினார். ஆனால் ‘உற்றார்க்கு உடம்பும் மிகை’ என்று அதே நூல் கூறும்போது, வேண்டாத சுமை என்ற பொருள் வந்துவிடுகிறது. இன்றைய பேச்சில் ‘மிகைப்படுத்தாதே’ என்பதே முதலில் நினைவுக்கு வருகிறது.

நுட்பத்தின் இயல்பும் மிகுதியில் இல்லை. போயிங் நிறுவனத்தின் காடெல், மைசெல் இருவரும் 1992இல் வெளியிட்ட கட்டுரையில் ஆக்மென்டட் ரியாலிட்டி என்னும் பெயரைக் கையாண்டபோது, விமானத்துக்கான மின்கம்பிகளைப் பலகையில் அமைக்கும் தொழிலாளிக்கு, எந்தக் கம்பி எவ்வழியே செல்ல வேண்டும் என்பதைத் தலையில் அணியும் காட்டி வழியாக அப்பலகையின் மீதே காட்டுவது பற்றித்தான் எழுதினார்கள். அந்தக் கோடு விரலளவு விலகினாலும் வேலை கெடும். ஆய்வாளர் ரொனால்ட் அசூமா 1997இல் இந்நுட்பத்துக்கு வகுத்த மூன்று இயல்புகளும் இதையே சொல்கின்றன: மெய்யும் புனைவும் சேர்ந்திருத்தல், உடனுக்குடன் எதிர்வினையாற்றுதல், முப்பரிமாணத்தில் இடம் பொருந்தி நிற்றல்.

ஆகவே, இயைதல் என்றால் பொருந்துதல் என்பதால், ‘இயைமெய்ம்மை’ என்பதை முன்வைக்கிறேன். ‘ஊறுகாய்’ போல இது வினைத்தொகை. இயைந்த, இயைகின்ற, இயையும் என முக்காலத்துக்கும் விரியும். ஆள் நகர நகர ஒவ்வொரு கணமும் மறுபடி மறுபடி பொருத்தப்படும் ஒன்றுக்கு, காலத்தைத் தன்னுள் அடக்கிய இந்த இலக்கண வடிவத்தைவிடப் பொருந்துவது வேறில்லை என்று உறுதியாக நம்புகிறேன். ‘இயை’ கடினம் என்போர், பள்ளியில் இயைபுத் தொடை படித்ததை நினைவுகூரலாம். ‘கலப்பு மெய்ம்மை’ பொருந்தாது. ஆய்வாளர்கள் மில்கிராமும் கிஷினோவும் 1994இல் மிக்ஸ்டு ரியாலிட்டி என்று வரையறுத்த, இந்நுட்பத்தையும் உள்ளடக்கிய பெரிய வட்டத்துக்கு அது வேண்டும்.

எங்கள் கூடத்தில் உள்ளதுபோல் பொது இடத்தில் வைக்கும் திரையான பப்ளிக் டிஸ்பிளேக்குப் ‘பொதுத்திரை’ போதும். அதில் எனக்கு ஐயமில்லை.

திரைக்கு அருகே கன்னடம், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் ஒரு விளக்கப் பலகை வைக்கிறோம். அது வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருப்பின் வியாழன் மாலைக்குள் எழுத வேண்டுகிறேன்; இல்லையேல் தமிழ்ப் பகுதியில் ‘இயைமெய்ம்மைப் பொதுத்திரை’ என்றே எழுதிக் கொடுப்பேன்.