போஸ்டன் லிபர்ட்டி ஹோட்டலின் அலிபை பார்: பழைய சிறையில் எது மிச்சம்?

கேள்வி: சார்ல்ஸ் ஸ்ட்ரீட் சிறைதானே இப்போது லிபர்ட்டி ஹோட்டல்? அலிபை பார் அதில் எந்தப் பகுதி? உள்ளே போக இந்திய டிரைவிங் லைசென்ஸ் போதுமா?

மறுமொழி 1: அதேதான். 1851ல் கட்டி முடித்த கிரானைட் கட்டடம், 1990ல் சிறை மூடப்பட்டது, 2007ல் ஹோட்டல் ஆனது. போதையில் பிடிபட்டவர்களை அடைத்து வைத்த அறைதான் அலிபை. பாருக்குள் நேராகப் போய்விடாதீர்கள். முதலில் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள்: 90 அடி உயரம், எண்கோணம். கட்டடத்தின் நான்கு பக்கக் கிளைகளும் அங்கேதான் கூடுகின்றன. நடுவில் நிற்கும் காவலர் எல்லாப் பக்கமும் பார்க்கத்தான் அந்த அமைப்பு. என் கணக்கில் பாரைவிட அதுதான் முக்கியம்.

மறுமொழி 2: லைசென்ஸை நம்பிப் போகாதீங்க, அசல் பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போங்க. மாசசூசெட்ஸ் சட்டப்படி வெளிநாட்டு லைசென்ஸைப் பார்த்து மது கொடுத்து, வாங்கினவர் வயது குறைஞ்சவர்னு தெரிஞ்சா கடைக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை, அதனால்தான் திருப்பி அனுப்புவாங்க. வயது 21 முடிஞ்சிருக்கணும். 'ஹேப்பி அவர்' தள்ளுபடியையும் (குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் மது விலையைக் குறைப்பது) தேடாதீங்க, 1984லிருந்து அந்த மாநிலத்தில் தடை.

மறுமொழி 3: போஸ்டன் மெட்ரோ ரயிலின் ரெட் லைனில் சார்ல்ஸ்/எம்ஜிஎச் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. கல் சுவர் சத்தத்தை உள்வாங்காது, திருப்பி அடிக்கும். பேச வேண்டுமென்றால் கூட்டம் சேரும் முன் போங்கள்.