கோத்தகிரியில் இருந்துகொண்டு கோவா கடலில் ட்ரையத்லான்: பணம் கட்டலாமா?

தேயிலைக்கணக்கு (கோத்தகிரி) | ஜனவரி

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். பச்சை இலை எத்தனை கிலோ வந்தது, தூள் எத்தனை கிலோ போனது, நாள் முழுக்க இதுதான். அதனாலோ என்னவோ எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் இறங்கமாட்டேன். இப்போது கூட்டிக் கழித்தே ஒரு முடிவுக்கும் வரமுடியாமல் நிற்கிறேன்.

கோவாவில் மிராமர் கடற்கரையில் நடக்கும் அயர்ன்மேன் 70.3-க்குப் பெயர் கொடுக்கலாமா என்பதுதான் விஷயம். 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3 வருகிறது, பெயர் அதனால்தானாம். 2019-ல் அங்கே முதல் தடவை நடந்தபோது செய்தியில் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு நீந்தவே தெரியாது.

என் நிலவரம் இது. வயது 39, வருகிற டிசம்பரில் 40. ஒன்பது வருடமாக ஓடுகிறேன். எங்கள் ஏற்ற இறக்கத்தில் 21 கி.மீ. ஓட 2 மணி 25 நிமிடம். காலை ஆறரைக்கு முன்னால் இங்கே ஓட முடியாது. தோட்டத்தில் காட்டுமாடு நிற்கும், கரடியும் உண்டு. போன மாதம் ஒரு வளைவில் திரும்பினால் ரோட்டின் குறுக்கே ஒரு காட்டுமாடு. அது இலையை மென்றுகொண்டு என்னைப் பார்க்க, நான் வாட்சைப் பார்க்க, பதினைந்து நிமிடம் போனது. வாட்ச் அதை 'ஓய்வு' என்று எழுதிக்கொண்டது!

நீச்சல் மூன்று வருடம் முன்பு கற்றுக்கொண்டேன். ஞாயிறுதோறும் மலையிறங்கி 25 மீட்டர் குளத்தில் நீந்துகிறேன். 76 நீளம் போனால் 1900 மீட்டர். 57 நிமிடம் ஆகிறது. போட்டியில் 1 மணி 10 நிமிடத்துக்குள் கரையேற வேண்டும். கணக்குப்படி 13 நிமிடம் மிச்சம்.

சைக்கிள்தான் சொல்ல வெட்கம். நகரத்துக் கடை ஒன்றில் என் உயரத்துக்குப் பெரிய ஃப்ரேமைத் தலையில் கட்டிவிட்டார்கள். அதை விற்றுவிட்டு இப்போது செகண்ட் ஹாண்டில் சரியான அளவில் ஒன்று வாங்கியிருக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கி.மீ. ஏற 3 மணி 5 நிமிடம். சமதளத்தில் 50-க்கு மேல் ஓட்டியதே இல்லை.

பயம் இரண்டு. ஒன்று, கடலில் முழங்கால் வரைதான் இறங்கியிருக்கிறேன், அதுவும் பள்ளிச் சுற்றுலாவில், கன்னியாகுமரியில். இரண்டாவது வெயில். போன ஏப்ரலில் மேட்டுப்பாளையத்தில் காலை எட்டு மணிக்கு எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். இங்கே ஸ்வெட்டரோடு ஓடுகிற உடம்பு.

கட்டணம், ரயில், அறை எல்லாம் சேர்த்தால் என் ஒன்றரை மாதச் சம்பளம். கட்டலாமா? ரிலேயில் ஒரு பகுதி மட்டும் செய்யலாமா? வெட்சூட் (குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் நீச்சல் உடை) வாங்க வேண்டுமா? வீட்டுக்காரர் "நீ முடிவெடு, நான் ஃப்ளாஸ்க் தூக்கிக்கொண்டு வருகிறேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கோவை_பெடல்

அக்கா, முதலில் அந்த 13 நிமிடத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்க. 76 நீளம் என்றால் 75 தடவை சுவரை உதைத்துத் திரும்பியிருக்கீங்க. ஒவ்வொரு உதையிலும் நாலைந்து மீட்டர் சும்மா கிடைக்கிறது. கடலில் சுவர் கிடையாது. அதோடு யாரும் நேர்கோட்டில் போவதில்லை. நான் 1.9 போகவேண்டிய இடத்தில் 2.2 போயிருக்கிறேன், கிட்டத்தட்ட ஒரு கோவில் பிரகாரம் அதிகமாகச் சுற்றின மாதிரி.

அடுத்த கணக்கு. நீங்க தண்ணீரில் இறங்கிய நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிள் முடியணும், 8 மணி 30 நிமிடத்துக்குள் எல்லாம் முடியணும். எல்லோரையும் ஒரே நேரத்தில் தள்ளிவிடமாட்டாங்க, சில சில பேராக விடுவாங்க. தண்ணீருக்கு முன்னால் விரித்திருக்கிற நேரம் குறிக்கும் பாயை மிதித்ததும் உங்க கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். நீச்சலுக்கு 1:08, உடை மாற்றச் சாவகாசமாக 8 நிமிடம் என்று வையுங்க. மிச்சம் 4 மணி 14 நிமிடம். 90-க்கு அது மணிக்கு 21 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். 33 கி.மீ. மலை ஏறுகிற காலுக்கு இது பெரிசில்லை. ஆனால் மலைக்காரங்க எல்லோரும் மாட்டுகிற இடம் ஒன்று இருக்கு. உங்களுக்கு ஏறத் தெரியும், இறங்கத் தெரியும். இறக்கத்தில் கால் சும்மா இருக்கும். சமதளத்தில் நாலு மணி நேரம் ஒரே மாதிரி மிதித்துக்கொண்டே இருக்கணும். முதுகும் கழுத்தும் உட்காரும் இடமும் வலிக்கிற வலி தனி.

சைக்கிளைக் கீழே சொந்தக்காரங்க வீட்டில் போட்டுவையுங்க. ஞாயிற்றுக்கிழமை நீச்சல் முடிந்ததும் மேட்டுப்பாளையம், சிறுமுகை, சத்தி ரோடு. முதல் மாதம் 40, அப்புறம் 60, அப்புறம் 80. பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் விடியற்காலையில் சைக்கிளில் இறங்காதீங்க, யானை நிற்கும். உங்களுக்குச் சொல்லணுமா!

இன்னொன்று. ஸ்டாண்டில் இருக்கிற சைக்கிளைத் தொடுவதற்கு முன்னால் ஹெல்மெட் வாரை மாட்டியிருக்கணும், திரும்ப ஸ்டாண்டில் வைத்த பிறகுதான் கழற்றணும். புதுசாக வருகிறவங்க இதில்தான் தண்டனை வாங்குறாங்க. வெட்சூட் வேண்டாம், அங்கே தண்ணீர் வெதுவெதுப்பு. அந்தக் காசில் நல்ல சீட் வாங்குங்க. வயது டிசம்பர் 31 கணக்கு, அதனால் இந்த வருடமே உங்களை 40-44 வயதுப் பிரிவில் போடுவாங்க.

சிறுமுகை78

குளத்துக்கு எதற்குக் காசு? மேட்டுப்பாளையத்தில் பவானி ஓடுகிறதே. நாங்கள் எல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டோம்.

கோவை_பெடல்

அண்ணா, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீங்க. பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் கொஞ்ச நேரத்தில் ஆறு ஏறிவிடும். கணுக்கால் தண்ணீரில் நின்றவங்க பாறைமேல் மாட்டிக்கொள்வதும் அடித்துக்கொண்டு போவதும் வருடா வருடம் நடக்கிறது. ஊர்க்காரர் உங்களுக்குத் தண்ணீர் வருகிற சத்தம் தெரியும், மலையிலிருந்து வருகிறவங்களுக்குத் தெரியாது.

பாம்பன்காரன்

தங்கச்சி, சைக்கிள் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. கடலைப் பற்றிக் கேட்டாய், அதற்கு மட்டும் சொல்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கடலுக்கு வா. நீலகிரிக்குப் பக்கம் என்று பார்த்தால் கேரளக் கரைதான், ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே காலை வைக்காதே. எங்கள் பக்கம் இரண்டு கடல்: தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்று காலத்தில் நேர்மாறு. மார்ச்சில் வாடை ஓய்ந்திருக்கும். உச்சிப்புளிப் பக்கம் அரியமானுக்கு வந்தால் வடகடலில் இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். தனுஷ்கோடியில் இறங்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதே.

முதல் நாள் நீந்தாதே. நெஞ்சளவு தண்ணீரில் நின்று முகத்தை உள்ளே வைத்து ஊது, எடு, ஊது. வாய்க்குள் உப்புத்தண்ணீர் போகட்டும், போனால் ஒன்றும் ஆகாது என்று உடம்புக்குத் தெரியட்டும். குளத்தில் இறங்குகிற கால் கடலில் கொஞ்சம் மேலே நிற்கும், உப்பு தூக்கிக் கொடுக்கும். மலைக்காரர்கள் இதை நம்பமாட்டார்கள், வந்து பார்.

இரண்டாம் நாள் நேராகப் போகப் பழகு. தண்ணீருக்குள் கோடு போட்டு வைத்திருக்கமாட்டார்கள். ஏழெட்டுக் கைக்கு ஒரு தடவை முதலை மாதிரி கண்ணை மட்டும் மேலே தூக்கி எதிரே உயரமாக ஒன்றைப் பார், தென்னையோ டவரோ. மிதவையை மட்டும் நம்பினால் அலை மறைத்துவிடும். தண்ணீருக்கு இழுப்பு உண்டு, நாங்கள் நீவாடு என்போம். நீவாடு வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் குறி வைத்துப் போ.

மூச்சு முட்டினால் மல்லாந்து படு. இருநூறு மீட்டருக்குள் எல்லோருக்கும் ஒரு தடவை முட்டும். போட்டியில் காவல் படகைப் பிடித்து நிற்க விடுவார்கள் என்று என் மருமகன் சொல்கிறான், படகோடு முன்னால் நகரக்கூடாது, அவ்வளவுதான். கழுத்திலும் அக்குளிலும் வாஸ்லின் பூசு. உப்பு பட்டு அறுத்தால் ராத்திரி தூங்கமாட்டாய். தண்ணீரில் சொறி இருந்தால், அதுதான் ஜெல்லிமீன், அன்றைக்கு ஏறிவிடு.

தனியாக மட்டும் இறங்காதே. என்னிடம் சொல்லிவிட்டு வா, பக்கத்தில் வள்ளம் வரும்.

ஏரிச்சாலை (கொடைக்கானல்)

உங்கள் வாந்திக் கதை என் கதைதான். இங்கே ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், நாலு சுற்று சுலபமாக ஓடுவேன். 2100 மீட்டர் உயரத்தில் ஓடுகிறவனுக்குக் கீழே ஓடுவது சும்மா என்ற நினைப்பில் சென்னையில் ஓர் அரை மாரத்தானுக்குப் போனேன். 14-ஆம் கிலோமீட்டரில் குளிர் அடித்தது. மே மாதம், சென்னையில், குளிர்! உடம்பு சூடேறித் தலை சுற்றும்போது அப்படித்தான் இருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அங்கேயே நிறுத்தினேன்.

காற்று கனமாக இருப்பதால் மூச்சு நன்றாக வரும், அந்தத் தைரியத்தில் வேகமாகப் போய்விடுகிறோம். வியர்வை மட்டும் காயமாட்டேன் என்கிறது. காயாத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது, சொட்டிக்கொண்டே இருக்கும்.

வெயிலுக்கு உடம்பு பழக பத்து முதல் பதினாலு நாள் வேண்டும். முன்பைவிடச் சீக்கிரம் வியர்க்கும், வியர்வையில் உப்பு குறையும், நெஞ்சுத் துடிப்பும் இறங்கும். ஆனால் மேலே வந்து சில வாரம் இருந்தால் பழகியது போய்விடும். அதனால் போட்டிக்கு முன் இரண்டு வாரமாவது கீழே தங்குங்கள். லீவு கிடைக்காவிட்டால் நான் செய்கிற பைத்தியக்காரத்தனம் ஒன்று இருக்கிறது: ஓடிவிட்டு வந்த சூட்டோடு பிளாஸ்டிக் டிரம்மில் வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் உட்காருவேன். அம்மா முதல் நாள் பார்த்துவிட்டு "எதற்குடா உன்னை நீயே வேகவைக்கிறாய்" என்றார். வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், எழும்போது தலை சுற்றும்.

இன்னொரு வேலை. மேட்டுப்பாளையத்தில் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், நடுவில் எதுவும் குடிக்காமல். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. நீங்கள் கணக்கு எழுதுகிறவர், இதற்குமேல் சொல்ல வேண்டாம். வெறும் தண்ணீராகக் குடித்து நிரப்பாதீர்கள், ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போனால் அது வெயிலைவிட மோசம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் போதும்.

ரிலேயைப் பற்றி என் கருத்து: ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் உங்கள் பயம் இரண்டில் ஒன்று அப்படியே இருக்கும்.

தேயிலைக்கணக்கு | மார்ச் கடைசி

போய்விட்டு வந்தேன். பாம்பன் அண்ணனுக்கும் அண்ணிக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நாலு நாள் அவர்கள் வீட்டுச் சாப்பாடு. மீன் குழம்பைக் குடித்துவிட்டே வந்தோம்.

அரியமான். முதல் நாள் சொன்னபடி நெஞ்சளவில் நின்று ஊதினேன். நாற்பது நிமிடம் அதுவேதான். வீட்டுக்காரர் கரையில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்து "கோத்தகிரியிலிருந்து இதற்குத்தான் வந்தோமா" என்று இரண்டு தடவை கேட்டார்.

இரண்டாம் நாள் நீந்தினேன். அண்ணன் சொன்ன இருநூறு மீட்டர் எனக்கு அறுபதிலேயே வந்துவிட்டது. கீழே பார்த்தேன். குளத்தில் நீல டைல்ஸும் கறுப்புக் கோடும் இருக்கும். இங்கே பச்சையாகக் கலங்கல், அதற்குள் என் கையே முழங்கைக்குக் கீழே தெரியவில்லை. அவ்வளவுதான், மூச்சு அடைத்துவிட்டது. ஆழம் என்னவோ என் தோள் வரைதான், நின்றிருந்தால் கால் தட்டியிருக்கும். நிற்கத் தோன்றவில்லை. மல்லாந்தேன். காது தண்ணீருக்குள் போனதும் என் நெஞ்சு அடிக்கிற சத்தம் மட்டும். வள்ளத்திலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்து "வானம் எப்படி இருக்கு?" என்றார். சிரித்ததில் உப்புத்தண்ணீர் குடித்தேன். சிரித்த பிறகு மூச்சு வந்தது. உப்பு தூக்கும் என்பது நிஜம்.

நாலாம் நாள் முழுத் தூரம். கரையில் ஒரு டவரைக் குறி வைத்து, இரண்டு மிதவைக்கு நடுவே போய்ப் போய் வந்தேன். 1900 போக நினைத்தேன், வாட்ச் 2060 காட்டியது. 1 மணி 5 நிமிடம். மிச்சம் 13 இல்லை, ஐந்துதான். கோவைத் தம்பி சொன்னது சரி.

எடையும் பார்த்தேன். மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிக்கு ஒரு மணி நேர ஓட்டத்தில் 1.2 கிலோ. கோத்தகிரியில் அதே ஓட்டத்தில் 400 கிராம். பேரேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். டிரம் இன்னும் வாங்கவில்லை. ஃபேக்டரியில் இலை வதக்குகிற இடத்தில் சூட்டுக்குக் குறைவில்லை, மத்தியானம் அங்கே பத்து நிமிடம் நடக்கிறேன். மேஸ்திரி ஒரு மாதிரி பார்க்கிறார்.

நேற்று பணம் கட்டிவிட்டேன். ரிலே இல்லை, தனியாக. 40-44. மே மாதம் மறுபடி அரியமான் போகிறேன், அந்த ஐந்து நிமிடத்தைப் பத்தாக்க வேண்டும்.

இப்போது அடுத்த கேள்வி. கோவையிலிருந்து மங்களூர் வழியாகக் கோவாவில் இருக்கும் மட்காவ் வரை ரயிலில் போகிறோம். சைக்கிளைப் பிரித்து அட்டைப்பெட்டியில் போடலாம் என்று உட்கார்ந்தேன், வலப்பக்கப் பெடல் கழன்றது, இடப்பக்கம் அசையவே இல்லை. உடைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

கோவை_பெடல்

அக்கா, இடது பெடலுக்குத் திருகு நேர்மாறு. கடிகாரம் சுற்றுகிற பக்கமாகத் திருப்புங்க, கழன்றுவிடும்.

தேயிலைக்கணக்கு

கழன்றுவிட்டது. அரை மணி நேரமாக இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். சரி, கோத்தகிரி பஸ்ஸில் பெட்டியை ஏற்ற விடுவார்களா, யாருக்காவது தெரியுமா?