கண் லென்ஸ் டெஸ்ட்ல 100 லைன்ல எம்டிஎஃப் (படத்துல கான்ட்ராஸ்ட் எவ்ளோ மிஞ்சுதுங்கற அளவு) படுத்துடுது, லென்ஸ் தப்பா செட்டப் தப்பா?

கேத்திக்காரன்: வணக்கம்ணா, எம்எஸ்சி பிசிக்ஸ் ப்ராஜெக்ட். கேட்ராக்ட் ஆபரேஷன்ல வைக்கிற லென்ஸ், எக்ஸ்பைரி ஆனது ஒண்ணு கிடைச்சுது, பவர் 20 டயாப்டர், மோனோஃபோகல் (ஒரே ஃபோகஸ்). கொலிமேட்டர்ல (ஒளியை இணையா அனுப்புறது) ஸ்லிட், 546 நானோமீட்டர் பச்சை ஃபில்டர், 3 மில்லிமீட்டர் ஓட்டை, கண்ணாடித் தொட்டில சலைன் (உப்புத்தண்ணி) ஊத்தி லென்ஸை முக்கி வச்சு பின்னாடி மைக்ரோஸ்கோப் அப்ஜெக்டிவ் வழியா கேமரால புடிக்கிறேன். மில்லிமீட்டருக்கு 100 லைன்ல எம்டிஎஃப் 0.43 வரணும்னு கண் லென்ஸுக்கான ஐஎஸ்ஓ 11979-2 ஸ்டாண்டர்ட் சொல்லுது, எனக்கு 0.03 தாண்ட மாட்டேங்குது. நாலு தடவ எடுத்தாச்சு. சலைனை 35 டிகிரிக்கு சூடு பண்ணா படம் கானல் மாதிரி நெளியுது வேற. வர்ற வாரம் ரிவ்யூ, ப்ளீஸ்.

குன்னூர் செல்வி: நெளியறது நம்ம ஊர் குளிருப்பா. ரூம் 12, தொட்டி 35, தண்ணி உள்ளயே ஓடிட்டிருக்கும். சுத்தி தெர்மோகோல் கட்டி அரை மணி நேரம் விட்டுட்டு எடு. அப்ஜெக்டிவ் மூக்குல ஆவி படிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாரு, ஊட்டி லேப்ல டிசம்பர் பூரா நான் துடைச்சே செத்தேன்.

மலைப்பாம்பு: தண்ணிய தூக்கிப் போட்டு காத்துலயே அளந்துடு ப்ரோ, ஈஸி

பழைய லென்ஸ்காரன்: அதை மட்டும் செஞ்சுடாதீங்க. காத்துல பவரே மாறிடும், பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) லென்ஸ்னா 20 டயாப்டர் 60க்கு மேல போயிடும்.

தம்பி, உங்க செட்டப்ல கார்னியா (கண்ணு முன்பக்க தெளிவான படலம்) எங்க? அந்த 0.43 மாடல் கண்ணுக்கு சொன்னது, அதுல முன்னாடி ஒரு கார்னியா லென்ஸ் சேர்ந்து ஒளியைக் குவிக்கும். 20 டயாப்டர் சலைன்ல தனியா நின்னா, காத்துக்குச் சமமா மாத்தின கணக்குல ஃபோகஸ் 50 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் ஓட்டைக்கு டிஃப்ராக்ஷன் (ஓட்டைல ஒளி வளைஞ்சு பரவுறது) 110 லைன் கிட்டயே கதவை சாத்திடும். 100ல எந்த லென்ஸ் வச்சாலும் 0.03தான். 50 லைன்ல எவ்ளோ வருது?

கேத்திக்காரன்: அண்ணா 0.41! டிஃப்ராக்ஷன் ஃபார்முலா போட்டுப் பாத்தேன், அதிகபட்சமே 0.44தான். பாவம் அந்த லென்ஸை ஒரு மாசமா திட்டிட்டிருந்தேன். அப்ஜெக்டிவ்ல ஆவியும் இருந்துது செல்விக்கா.

பழைய லென்ஸ்காரன்: தொட்டி முன்னாடி கார்னியாவுக்கு பதிலா ஒரு நல்ல அக்ரோமேட் (நிறப்பிழை குறைச்ச லென்ஸ்) வச்சு, 3 மில்லிமீட்டரை கண் லென்ஸ் மேலயே வர்ற மாதிரி அமைங்க. பெட்டில ஆஸ்ஃபெரிக்னு (பரப்பு முழுக் கோளமா இல்லாதது) போட்டிருக்கா பாருங்க, அப்படின்னா எந்த கார்னியா வைக்கிறோம்ங்கறதும் கணக்குல வரும்.

கேத்திக்காரன்: போட்டிருக்குண்ணா 😭