வார்ம் மிக்ஸ்: மார்ஷல் தேறுகிறது, டிஎஸ்ஆர் தேறவில்லை

சேலம்_லேப்:
வணக்கம். சாலைக்கான விஜி-30 ரகத் தாரில் கெமிக்கல் அடிட்டிவ் சேர்த்து வார்ம் மிக்ஸ் (குறைந்த சூட்டில் கலக்கும் தார்க்கலவை) சோதித்துக்கொண்டிருக்கிறேன். வழக்கமாக 155 டிகிரியில் கலப்போம், இதை 125-இல் கலக்கிறேன். ஜல்லி முழுக்கத் தார் பிடிக்கிறது, மார்ஷல் ஸ்டெபிலிட்டியிலும் (கட்டி தாங்கும் சுமை) குறையில்லை. ஆனால் டிஎஸ்ஆர் (தண்ணீரில் ஊறிய கட்டியின் இழுவலிமை, ஊறாத கட்டியுடையதில் எத்தனை சதவீதம் என்பது) 72-லேயே நிற்கிறது, வேண்டியது 80. சூட்டைக் கூட்டச் சொல்கிறார்கள். கூட்டினால் வார்ம் மிக்ஸுக்கே அர்த்தமில்லையே?

ஜல்லிக்காரன்:
தம்பி, சூட்டைக் கூட்டாதீர்கள். கலந்தவுடனே மோல்டில் போட்டுத் தட்டுகிறீர்களா? பிளான்டிலிருந்து சைட்டுக்குப் போவதற்குள் டிப்பரிலேயே தார் கொஞ்சம் இறுகிவிடும். லேபில் அது நடக்க, கலவையைத் தட்டில் பரப்பி, தட்டப் போகும் அதே வெப்பநிலையில் ஓவனில் 2 மணி நேரம் வையுங்கள். வழக்கமான ஹாட் மிக்ஸுக்கான 135 டிகிரியில் வைத்தால் தார் கூடுதலாக இறுகி ரிசல்ட் நன்றாக வரும், அதை நம்ப முடியாது.

அப்புறம் கட்டிகளைப் பாருங்கள். டிஎஸ்ஆர் சோதனைக்குக் கட்டிக்குள் காற்று வெற்றிடம் 7 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். சுத்தியலால் 75 அடி போட்ட மார்ஷல் கட்டி ஆகாது, அடியைக் குறையுங்கள். வேக்குவத்தில் தண்ணீர் ஏற்றும்போது, தண்ணீர் அந்தக் காற்று வெற்றிடத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பிய கட்டியை ஒதுக்கிவிடுங்கள், அது தண்ணீராலேயே உடைந்திருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் 80 வரவில்லை என்றால் கல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும். நம் பக்கத்துக் கிரானைட்டில் சிலிக்கா அதிகம், தண்ணீர் பட்டால் தாரை விட்டுவிடும். ஃபில்லரில் (மாவுபோன்ற நுண்தூள்) ஒரு பகுதியாக, மொத்த ஜல்லி எடையில் 2 சதவீதம் நீர்த்த சுண்ணாம்பு சேர்த்துப் பாருங்கள்.

பேவர்_குமார்:
சைட்டிலிருந்து ஒரு வார்த்தை. 125-இல் வந்த கலவையைப் பரப்பும்போது நீலப்புகை கிட்டத்தட்ட இல்லை. பேவர் (கலவையைப் பரப்பும் இயந்திரம்) பின்னால் ரேக் பிடிப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று லேபில் இருப்பவர்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். தயவுசெய்து இதைக் கைவிடாதீர்கள்.

ஜல்லிக்காரன்:
குமார் சொல்வதற்காகவே பிளான்டையும் கவனிக்கச் சொல்கிறேன். லேபில் ஜல்லியை ஓவனில் காயவைத்துத்தான் கலக்கிறோம். பிளான்டில் ஜல்லி காயவைக்கும் டிரம் சூடு குறையும்போது கல்லுக்குள் ஈரம் தங்கிவிடும், தார் மேலே ஒட்டினாலும் உள்ளிருந்து உரியும். ஐப்பசியில் கிரஷர் டஸ்ட் குவியல் குடிக்கிற தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. அதற்குத் தார்ப்பாய் போடுங்கள், அடியில் தண்ணீர் வடிய சரிவு வையுங்கள், தினமும் காலையில் ஈரம் பாருங்கள். லேப் கலவை தேறியதோடு நிறுத்தாமல் டிப்பரிலிருந்து எடுத்த கலவையிலும் டிஎஸ்ஆர் போட வேண்டும்.

சேலம்_லேப்:
நன்றி அண்ணா. ஆம், கலந்தவுடனேதான் தட்டினேன். டிப்பர் சாம்பிள் லேபுக்கு வருவதற்குள் ஆறிவிடுகிறதே, மறுபடி சூடாக்கலாமா?

ஜல்லிக்காரன்:
முடிந்தவரை வேண்டாம். ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் தார் இறுகும், டிஎஸ்ஆர் ஏறுவதுபோலத் தெரியும். பிளான்ட் லேபிலேயே சூடு ஆறுமுன் கட்டி தட்டிவிடுங்கள்.