புதுப்பிப்பு: அப்பாவின் பெருந்தமனி வீக்கம், வயிற்றைத் திறக்காமலே சிகிச்சை முடிந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சுங்கை சிப்புட்டில் இருக்கும் அப்பாவுக்கு வயிற்றுப் பெருந்தமனி (இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயின் வயிற்றுப் பகுதி) 6 சென்டிமீட்டரைத் தாண்டி வீங்கியிருந்தது. வீக்கம் சிறுநீரகத் தமனிகளை ஒட்டியே தொடங்கியதால் சாதாரண ஸ்டென்ட் கிராஃப்ட் (ரத்தக்குழாய்க்குள் வைக்கும், துணி போர்த்திய உலோக வலைக்குழாய்) பிடித்து நிற்க இடமில்லை. நுரையீரல் பலவீனத்தால் திறந்த அறுவையும் ஆபத்து. வேறு வழி உண்டா என்று கேட்டிருந்தேன்.

ஈப்போ அக்கா சொன்ன யோசனைதான் கைகொடுத்தது: சிடி ஸ்கேன் வட்டோடு, துளையுள்ள கிராஃப்ட் வைக்கும் ரத்தக்குழாய் நிபுணரைப் பார்ப்பது. கோலாலம்பூரில் பார்த்தோம். இடுப்பு மடிப்புத் தமனி வழியாகக் கிராஃப்டை ஏற்றி, அதன் துளைகளைச் சிறுநீரகத் தமனிகளின் வாய்க்கு நேராக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் சின்ன ஸ்டென்ட் வைத்தார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது.

ஒன்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்: அந்த கிராஃப்டை ஸ்கேன் அளவுப்படி தனியாகத் தயாரிப்பதால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். அந்த நாட்கள்தான் கொடுமை. ரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிடக் கூடாது, திடீரென வயிறோ முதுகோ கடுமையாக வலித்தால் உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும் என்றார்கள்.

எதிர்பாராதவை இரண்டு. சிகிச்சைக்குப் பின் சில நாள் காய்ச்சல். பரிசோதித்ததில் கிருமித்தொற்று இல்லை, தானாகத் தணிந்தது. அப்புறம், ஸ்கேனில் இடுப்புப் பகுதிச் சிறு தமனி ஒன்றிலிருந்து வீக்கப் பைக்குள் லேசான கசிவு. பை பெரிதாகாதவரை கண்காணித்தால் போதுமாம். ஆனால் ஸ்கேன் ஆயுள் முழுக்கத் தொடரும்.

இந்த வீக்கம் குடும்பவழியாகவும் வரலாம் என்பதால் சித்தப்பாவுக்கும் வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.